அறுநூற்று முப்பத்தெட்டு டிகிரி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் காலையில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "பளிச்சாச்சா?" என்றுதான் கேட்போம்.

ஜிர்கோனியா என்று ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. அதை அச்சில் போட்டு அழுத்தி, விரல் நீளத்துக்கு ஒரு கட்டி செய்வோம். அப்போது அது வெறும் சாக்பீஸ் மாதிரிதான். நகம் பட்டால் உதிரும். அதை இரும்பையே கீறுகிற பீங்கானாக ஆக்க, ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரியில் மணிக்கணக்காகச் சுட வேண்டும். தொழிற்சாலைகளில் அப்படித்தான் சுடுகிறார்கள். நாங்கள் கட்டியின் இரண்டு முனையிலும் பிளாட்டினக் கம்பியைச் சுற்றி, உலையை அந்தச் சூட்டில் பாதிகூட ஏற்றாமல், கம்பி வழியாக மின்சாரம் கொடுப்போம். முதலில் ஒன்றும் நடக்காது. பீங்கான் மின்சாரத்தை உள்ளே விடாது. சூடு ஏற ஏற, ஒரு குறிப்பிட்ட டிகிரியில் அதன் பிடிவாதம் தளரும். மின்சாரம் ஒரே மூச்சில் பாயும். கட்டி பளிச்சென்று வெள்ளையாக ஒளிர்ந்து, ஐந்தாறு விநாடியில் சுருங்கி, இறுகி, வேலை முடிந்துவிடும்.

எத்தனை டிகிரியில் பளிச் ஆகிறது என்பதுதான் எங்கள் உயிர்நாடி. பொடியில் எதைக் கலப்பது, எத்தனை வோல்ட் கொடுப்பது, உலைக்குள் எந்தக் காற்றை விடுவது என்று மாற்றி மாற்றி, அந்த எண்ணைக் கீழே இறக்குவதற்கு நான் ஏழு வருஷம் உழைத்திருந்தேன். கடைசி மூன்று வருஷம் என்னோடு உழைத்தவள் என் நாத்தனார், என் கணவரின் ஒரே தங்கை. வீட்டில் அவள் பெயர் வாலு. ஆய்வுக்கூடத்திலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு நான்தான் காரணம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை துறைத்தலைவர் என்னை மட்டும் கூப்பிட்டனுப்பினார். வழக்கமாக உள்ளே நுழையும்போதே ஏதாவது கேலி செய்கிற மனிதர். அன்றைக்கு, "கதவைச் சாத்திட்டு உக்காருங்க" என்றார்.

மேஜைமேல் ஒரு காப்புரிமை விண்ணப்பத்தின் நகல் இருந்தது. நான் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு கம்பெனி, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்து, இப்போதுதான் வெளியாகியிருந்தது. நாங்கள் எங்களுடையதைப் பதிவு செய்து ஆறு மாதம்தான் ஆகிறது. நான்தான், "இன்னும் இருபது கட்டி செஞ்சு பாத்துட்டுப் போடலாம்" என்று இழுத்தடித்தேன்.

படித்தேன். பொடியின் கலவை என்னுடையது. காற்றின் ஈரப்பதம் என்னுடையது. கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முனையைக் கீழ்ப்பக்கமாக மடக்க வேண்டும் என்பதுகூட இருந்தது. அது நான் ஒரு சோம்பேறித்தனத்தில் பழகிக்கொண்ட வழக்கம். தாளை மடித்து எடுத்துக்கொண்டேன்.

"உங்க சோதனை நோட்டு வெச்சிருக்கற பெட்டிக்கு ரெண்டே சாவி" என்றார் தலைவர். "ஒண்ணு உங்ககிட்ட. உங்க ஏழு வருஷத்தை நீங்களே எடுத்து அடுத்தவனுக்குக் குடுக்க மாட்டீங்க. இன்னொரு சாவி யார்கிட்ட இருக்குன்னு நான் சொல்லணுமா?"

"சார், அவ என் நாத்தனார்."

"தெரியும். அதனாலதான் உங்களை முதல்ல கூப்பிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி. நீங்க வேற ஏதாவது சொன்னாத்தான் உண்டு. இல்லன்னா அந்தப் பொண்ணை அனுப்பிடுவாங்க. இந்தப் பேரோட போனா வேற எந்த ஆய்வுக்கூடமும் சேத்துக்காது."

படியிறங்கும்போது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் வாலுவைச் சந்தேகப்பட்டேன். அவள் புதிதாக வாங்கிய போன், இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கேயோ நேர்காணலுக்குப் போனது என்று வேண்டாததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. மனசு எவ்வளவு சுலபமாக ஆளை மாட்டிவிடுகிறது!

அவள் எடைத் தராசின் முன் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பொடி அளந்துகொண்டிருந்தாள்.

"வாலு, நம்ம நோட்டை நீ யார்கிட்டயாவது காட்டினியா?"

"ஆமா அண்ணி. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரருக்கு. பாவம், தூக்கமே வரலன்னார். ரெண்டு பக்கம் படிச்சார், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிட்டார்." நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நிஜமாவா கேக்கறீங்க?"

நகலை நீட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தில் முகம் வெளுத்தது. நான்காம் பக்கத்தில் திடீரென்று சிரித்துவிட்டாள்.

"அறுநூத்து முப்பத்தெட்டு டிகிரியில பளிச் ஆகும்னு போட்டிருக்கான். அண்ணி, இது உங்க காலிங் பெல் வயர்."

எனக்கும் அப்போதுதான் அந்த எண் கண்ணில் பட்டது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. உலையின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளையும் மீட்டரையும் இணைக்கிற கேபிள் அறுந்துவிட்டது. அதற்கென்று தனி உலோகத்தில் செய்த கேபிள்தான் போட வேண்டும். ஸ்டோரில் இல்லை. வீட்டு அழைப்பு மணிக்காகக் கணவர் வாங்கிவரச் சொன்ன செம்பு வயர் என் பையில் இருந்தது. ஒரு நாள்தானே என்று அதில் ஒரு மீட்டர் வெட்டிப் போட்டுவிட்டேன். வாலு அந்த வாரம் பயிற்சிக்காக வெளியூரில் இருந்தாள். தட்டிக் கேட்க ஆளில்லை. மதியம் கட்டி ஒளிர்ந்தபோது மீட்டர் 638 காட்டியது. நான் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்; நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்த வாலு, உலையைப் பார்த்த நிமிஷத்தில், "அண்ணி, பெல் அடிச்சா யார் கதவைத் திறப்பாங்க?" என்றாள். சாதாரணச் செம்பைப் போட்டால், உலை வாசலின் சூடு எவ்வளவோ அவ்வளவும் கணக்கில் விட்டுப்போய், மீட்டர் குறைத்துக் காட்டும். சரியான கேபிள் போட்டு மறுபடி செய்தோம். 681. எங்கள் நோட்டில் தாளைக் கிழிக்கக் கூடாது, எழுதியதை மறைக்கக் கூடாது. அடித்துவிட்டுப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே செய்தேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எடுத்தவனா இருந்தா சிவப்பு மை கண்ணுல பட்டிருக்கும்" என்றாள் வாலு. சிரிப்பு போயிருந்தது. "திங்கட்கிழமை மதியத்துக்கும் வெள்ளிக்கிழமை காலைக்கும் நடுவுல யாரோ பாத்திருக்காங்க. நான் ஊர்லயே இல்ல. அண்ணி, அந்த நோட்டு அந்த நாலு நாள் எங்க இருந்துச்சு?"

எங்கே இருந்தது என்று அவளுக்கும் தெரியும். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. நோட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. அவள் தூங்கும் நேரத்தில் வரைபடம் போட்டுவிடலாம் என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். மூன்று நாள் அது எங்கள் சாப்பாட்டு மேஜைமேல், தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது.

வாலு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "அண்ணன்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே என்ன போனது என்று எனக்குத் தெரியாது.

கல்யாணமாகி ஏழு எட்டு வருஷம் வரை என் வேலைக்கு அவர் வைத்த பெயர் மாவுக்கட்டி. அவர் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர். பம்புகளுக்குள் வைக்கிற வளையங்கள் செய்வார்கள். "எங்க சூளையில ஒரு நாளைக்கு மூவாயிரம் வளையம் வேகுது. மேடம் வாரத்துக்கு ஒரு மாவுக்கட்டி வேக வைக்கறாங்க" என்று விருந்தாளிகளிடம் சொல்வார். நானும் சிரிப்பேன். அதில் கசப்பு எதுவும் இருந்ததில்லை.

பிறகு, அந்தக் காய்ச்சலுக்கு ஒரு மாதம் முன்னால், அவர் கேட்க ஆரம்பித்தார். சாயங்காலம் இரண்டு கோப்பை தேநீர் போட்டுக்கொண்டு வந்து, எதிரில் உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன ஆச்சு? முதல்லேர்ந்து சொல்லு" என்பார். குறுக்கே பேச மாட்டார். நான் சொன்னதை அடுத்த நாள் ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்பார். அழைப்பு மணி வயரையும் திருத்திய எண்ணையும் மட்டும் வெட்கத்தில் அவரிடம் சொல்லாமல் விட்டேன். ஒரு பெண்ணுக்குப் பூ வாங்கிக் கொடுக்கலாம், ஊர் சுற்றிக் காட்டலாம். அவள் வருஷக்கணக்காகச் சுமந்த ஒன்றை எதிரில் உட்கார்ந்து ஒருவர் கேட்டால் அவள் என்ன ஆவாள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவர் வரும் நேரத்துக்கு நான் முகம் கழுவித் தலை வாரிக்கொள்ள ஆரம்பித்தேன். முப்பத்தாறு வயதில் புருஷன்மேல் காதல் வந்துவிட்டது என்று வாலுவிடம் சொன்னேன். "அண்ணன் தேநீர் போட்டாரா? உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள்.

"சீக்கிரம் வந்துட்டே. பளிச்சாச்சா?" என்றார்.

கைப்பையிலிருந்து நகலை எடுத்து, நறுக்கிய துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் முதல் வரியைப் படித்தார். அதற்குமேல் படிக்கவில்லை. படிக்கத் தேவையிருக்கவில்லை. கத்தியைக் கழுவித் துடைத்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷமாவது நம்பியிருப்பேன்.

"எங்க எடுத்தீங்க?"

"இங்கதான். நீ பாப்பாவுக்கு ஈரத்துணி வெச்சுட்டிருந்தே. ஏழெட்டுப் பக்கம் போட்டோ எடுத்தேன்." மேஜையைப் பார்த்தபடியே பேசினார். "சூளைக் கூடத்தையே மூடிடுவேன்னு முதலாளி சொல்லிட்டார். எரிபொருள் கட்டுப்படியாகல. புதுசா ஏதாவது கொண்டுவா, இல்லன்னா கிளம்புன்னார். உன் வேலை எப்பவும் இருக்கும். என் வேலை போயிருக்கும். அவர் மச்சான் பேர்ல புதுக் கம்பெனி ஆரம்பிச்சுப் பதிவு பண்ணினார். இப்படி முன்னாடியே பதிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

அது உண்மைதான். அதனால்தான் கேட்கவில்லை என்பதை ஒரு நியாயம் மாதிரி சொன்னார்.

"தினமும் தேநீர் போட்டு எதிர்ல உக்காந்தீங்களே. அது?"

அவர் கண் கலங்கியது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன். "ஆரம்பத்துல அதுக்காகத்தான். அப்புறம் நிஜமாவே பிடிச்சுப்போச்சு. சத்தியமா."

எந்தச் சாயங்காலத்திலிருந்து நிஜம் என்று கேட்க நினைத்தேன். அவருக்கே தெரிந்திருக்காது. ஒவ்வொரு சாயங்காலமாக எடுத்து, இது எந்தப் பக்கம், இது எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டிருக்க வேண்டியது இனி என் பாடு.

"ஆனா ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்றார் அவர், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "ஒன்றரை வருஷமா அந்தச் சூட்டுலயே வெச்சு முயற்சி பண்றோம். ஒரு தடவைகூட ஒளிரல. அந்த நம்பர் தப்பா?"

"தப்பு."

"அப்ப சரியான நம்பர் என்ன?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. கையை நீட்டி என் மணிக்கட்டைத் தொட வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். தட்டில் வெள்ளரித் துண்டுகள் தண்ணீர் விட்டிருந்தன.

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன். "நாளைக்குக் கமிட்டி. வாலுதான் எடுத்தான்னு நினைக்கறாங்க. அவ வேலை போகப்போகுது."

அவர் நிமிர்ந்தார். தங்கை பெயரைக் கேட்டதும் கமிட்டிக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். அவள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டவர்.

"நீ எதுவும் சொல்லாதே" என்றார் மெதுவாக. "அவளுக்கு இருபத்தாறு வயசு. எங்க வேணும்னாலும் வேலை கிடைக்கும். இல்லன்னா எங்க ஃபாக்டரியிலயே போட்டுக்கறேன். நம்ம குடும்பத்தை யோசி. பாப்பாவை யோசி."

அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறேன். சமையலறை விளக்கு இவ்வளவு மங்கலானது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாலு கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மடியிலிருந்த ஒரு தாளைப் புரட்டிக் கவிழ்த்தாள்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. லீவ் லெட்டர்."

"வாலு."

கொடுத்தாள். அவளுடைய குண்டுக் கையெழுத்து. நோட்டின் பக்கங்களைத் தானே படமெடுத்து வெளியாளிடம் கொடுத்ததாகவும், அண்ணிக்கு எதுவும் தெரியாது என்றும் எழுதியிருந்தாள்.

"காலையில அண்ணன் வந்தார்" என்றாள். "கால்ல விழாத குறை. அண்ணியும் ஒத்துக்கிட்டாச்சு, நீ மட்டும் சரின்னு சொல்லு, குடும்பம் பிழைக்கும்னார்."

"நான் ஒத்துக்கிட்டேன்னு சொன்னாரா?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஒத்துக்கலையா?"

நான் தலையை அசைத்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "எனக்கு அது ஒண்ணுதான் தாங்க முடியல அண்ணி. வேலை போனாப் போகட்டும். நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு கேட்டதும் போட்ட கையெழுத்து இது."

என் பெயரைச் சொல்லி அவளை ஏமாற்றி, அவளை வைத்து என் வாயை அடைக்கப் பார்த்திருக்கிறார். தாளை நான்காக மடித்து என் பைக்குள் வைத்தேன். "நீ உக்காரு. நான் முதல்ல போறேன்."

"அண்ணி, யோசிச்சுச் செய்யுங்க. நான் தனிக்கட்டை. எனக்கு என்ன?"

"யோசிச்சாச்சு. ராத்திரி முழுக்க அதைத்தான் செஞ்சேன்."

உள்ளே மூன்று பேர். துறைத்தலைவர், நிர்வாக அதிகாரி, ஒரு பெண் வக்கீல். நோட்டைத் திறந்து வைத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அடித்த 638, பக்கத்தில் சிவப்பில் 681, வெள்ளிக்கிழமைத் தேதி, என் கையெழுத்து, வாலுவின் கையெழுத்து. செம்பு வயரைச் சொன்னேன். வாலு ஊரில் இல்லாததற்குப் பயிற்சிச் சான்றிதழைக் காட்டினேன். நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போனது நான் என்பதைச் சொன்னேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "விதி மீறல். உங்களை இந்த வேலையிலிருந்து விலக்கி வைக்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. எத்தனை மாசம்னு இப்ப சொல்ல முடியாது. யோசிச்சுத்தான் பேசறீங்களா?"

"யோசிச்சுத்தான் சார்."

"நோட்டு வீட்டில இருந்த மூணு நாளும் வீட்டில யார் யார் இருந்தாங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"நான். ஆறு வயசு மகள். அவ படுத்திருந்தா."

"அவ்வளவுதானா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது உதையில் கிளம்பியது.

"என் கணவர்" என்றேன். "அவர்தான் எடுத்தார். நேத்து என்கிட்ட ஒத்துக்கிட்டார்."

வக்கீல் தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை. "முழுப் பெயர்?"

சொன்னேன். எழுத்துக்கூட்டச் சொன்னார். கூட்டிச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லும்போது அது எனக்குத் தெரியாத யாருடைய பெயரோ மாதிரி இருந்தது. கடைசி எழுத்துக்கு வந்தபோது தெரிந்த பெயராகிவிட்டது. அங்கேதான் குரல் உடைந்தது. தண்ணீர் கொடுத்தார்கள்.

வாலுவை அவர்கள் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். வேலைக்கு ஆபத்தில்லை. என் அடையாள அட்டையை மட்டும் வாசலில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேரும் தெருவுக்கு வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு மருந்துக் கடையின் நிழலில் நின்றோம்.

"நான் சொல்லியிருந்தா வீடு நிலைச்சிருக்கும்" என்றாள் அவள்.

"நீ சொல்லி நிலைக்கற வீட்டில நான் எப்படிடி இருப்பேன்?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "உலையை அணைச்சுட்டு வரேன் அண்ணி. பளிச் ஆகற நேரம், அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்" என்று திரும்பி ஓடினாள். அவளாவது போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன் அதிர்ந்தது. அவரிடமிருந்து செய்தி. "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்" என்று அனுப்பினேன்.

பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு வந்தது. "பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து நான் கூட்டிட்டு வரட்டுமா?"

புதன்கிழமைகளில் அவர்தான் கூட்டிவருவார். எத்தனையோ புதன்கிழமைகளில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். நான் படித்துக்கூட முடிக்காமல் "சரி" என்று தட்டியிருக்கிறேன். இன்றைக்கு அதை மூன்று முறை படித்தேன். இதை ஏன் கேட்கிறார்? மகளை வைத்து என்னிடம் பேசவா? அவளிடம் முதலில் தானே ஏதாவது சொல்லிவிடவா? அல்லது இன்றைக்குப் புதன்கிழமை, அவ்வளவுதானா? அவ்வளவுதானாகவே இருக்கலாம். இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

"வேணாம். நானே போறேன்" என்று அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் போட்டேன். பள்ளி விடுவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நடக்க ஆரம்பித்தேன்.